முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம்: முதல் கர்ப்பத்தில் பெற்றதும் பெறத் தவறவிருந்ததும்

நான் கருவுற்றிருப்பது உறுதியான வாரத்தில், அரசு எனக்குத் தரவிருக்கும் உதவித்தொகை எவ்வளவு என்று கேட்டபோது நான்கு பேர் நான்கு தொகைகளைச் சொன்னார்கள். 2009இல் முதல் குழந்தையைப் பெற்ற பெரிய நாத்தனார் 6,000 ரூபாய் என்றார். 2014இல் பெற்ற சின்ன நாத்தனார் 12,000 என்றார். பக்கத்து வீட்டு அக்கா 18,000 என்றார். நகரத்தில் இருக்கும் என் சித்தி மகளோ, மாநில அரசு 18,000, மத்திய அரசு தனியாக 5,000, ஆக மொத்தம் 23,000 வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தாள். முதல் மூவரும் அவரவர் காலத்துக்குச் சரியாகவே சொன்னார்கள் என்பதும், நான்காவது கணக்கு எந்தக் காலத்துக்கும் பொருந்தாது என்பதும் எனக்குத் தெளிவாவதற்கு ஐந்து மாதம் பிடித்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 2024 ஜூன் மாதம் பதிவு செய்து, 2025 இறுதியில் கடைசித் தவணை வரை பெற்றவள் என்ற முறையில், ஒரு பொதுச் சேவையாக அது எப்படி இருந்தது என்று இங்கே எழுதுகிறேன். திட்டம் மிக நல்லது. அதைப் புரியவைக்கும் ஏற்பாடுதான் மிகவும் குறைவு.

முதலில் தொகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த உதவி 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இந்த 18,000 முழுவதும் பணமாகக் கைக்கு வராது. பணமாக வருவது 14,000. மீதி 4,000 ரூபாய், தலா 2,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வருகிறது. பணமும் முன்பு ஐந்து தவணைகளாக வந்துகொண்டிருந்தது. 2024 ஏப்ரல் முதல் அது மூன்று தவணைகளாக மாற்றப்பட்டது: கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தை பிறந்த நான்காம் மாதத்தில் 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000. பெட்டகங்கள் கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் தரப்பட வேண்டும். நான் பதிவு செய்த நேரம் இந்த மாற்றம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆகவே எனக்கு முன்பே பெற்றவர்கள் யாரைக் கேட்டாலும் பழைய ஐந்து தவணைக் கணக்கையே சொன்னார்கள். துணை சுகாதார நிலையச் சுவரில் ஒட்டியிருந்த தாளும் பழையதுதான்.

சித்தி மகள் சொன்ன 5,000 ரூபாய், பிரதமரின் மாத்ரு வந்தனா யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் முதல் குழந்தைக்குத் தரப்படும் தொகை. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிகளுக்குக் குறைந்தது 6,000 ரூபாய் மகப்பேறு உதவி தர வேண்டும் என்று சொன்னதன் தொடர்ச்சியாக, 2017இல் அது நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பணம் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தோடு இணைத்தே தரப்படுகிறது. அதாவது, 14,000 ரூபாய்க்குள்ளேயே அதுவும் அடங்கிவிடுகிறது. இது தெரியாமல், “சென்ட்ரல் பணத்துக்கு நான் விண்ணப்பம் போட்டுத் தருகிறேன்” என்று சொல்லி 300 ரூபாய் வாங்கும் கணினி மையத்துக்காரர்களிடம் பணத்தை இழந்த பெண்களை எனக்கே தெரியும். முதல் கர்ப்பத்தில் இருப்பவர்கள் இந்த ஒரு செய்தியையாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பதிவுக்குக் கட்டணம் கிடையாது, பதிவைச் செய்பவர் உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியர், இரண்டாவதாக ஒரு விண்ணப்பமும் தேவையில்லை.

பதிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் பார்வையில் இந்தச் சேவையின் வெற்றி தோல்வி அங்கேதான் தீர்மானமாகிறது. கருவுற்ற 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. நம் வீடுகளிலோ மூன்று மாதம் முடியும்வரை வெளியே வாய்திறக்கக் கூடாது என்பது வழக்கம். “மூணு மாசம் முடியட்டும்மா, கண்ணு பட்டுடும்” என்று என் அத்தை சொன்னதை நான் தவறாக நினைக்கவில்லை. ஒருமுறை கரு கலைந்து ஊர் முழுவதும் துக்கம் விசாரிக்க வந்ததைப் பார்த்தவர் அவர். ஆனால் 12 வாரமும் மூன்று மாதமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், வழக்கத்தைக் காக்கும் பெண் விதியைத் தவறவிடுகிறாள். அதிலும் வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. நாள் தள்ளிப்போனதை உணர்வதற்குள்ளாகவே நான்கு, ஐந்து வாரங்கள் கழிந்துவிடுகின்றன. நான் பதினோராவது வாரத்தில் போய்ச் சேர்ந்தேன். செவிலியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பதிவு செய்வதால் ஊருக்குத் தெரிந்துவிடாது, வீட்டில் சொல்லும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு ஊரிலும் மாமியார்களிடம் யாராவது சொன்னால், தாமதப் பதிவுகளில் பெரும்பகுதி குறைந்துவிடும் என்று நான் நம்புகிறேன்.

பதிவு செய்ததும் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட ஆர்.சி.எச். எண் ஒன்று தரப்படுகிறது. பிக்மி என்ற கணினிப் பதிவேட்டில் தரப்படுவதால் பெண்கள் இதைப் ‘பிக்மி நம்பர்’ என்றே சொல்கிறார்கள். பரிசோதனை, பெட்டகம், பணம், தடுப்பூசி அனைத்தும் இந்த எண்ணின் கீழேதான் எழுதப்படுகின்றன. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண் கேட்கப்படுகிறது. ஆகவே தனியார் மருத்துவமனையில் பெற்றுக்கொள்ள முடிவு செய்தவர்களும், உதவித்தொகை வேண்டாதவர்களும்கூட, இதைப் பெற்றாக வேண்டும். செவிலியரைப் பார்க்க முடியாதவர்கள் பிக்மி இணையதளத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம். 102 என்ற எண்ணுக்கு அழைத்தும் சொல்லலாம். நான் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுபோனேன். வேறு எதையும் யாரும் கேட்கவில்லை.

எனக்குச் சிக்கல் வந்தது வங்கிக் கணக்கில்தான். நான்காம் மாதம் வர வேண்டிய 6,000 ரூபாய் ஆறாம் மாதம் முடியும்வரை வரவில்லை. செவிலியர் கணினியில் பார்த்துவிட்டு, பணம் அனுப்பப்பட்டுவிட்டது என்றார். நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில், வரவில்லை என்றார்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில், வயிற்றுப் பிள்ளையோடு நான்கு முறை பேருந்தில் அலைந்தேன். கடைசியில் கிளையில் புதிதாகச் சேர்ந்த இளம்பெண் ஒருவர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம், நாம் நகல் கொடுத்த கணக்குக்குப் போவதில்லை. நம் ஆதார் எண் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்கே போகிறது. திருமணத்துக்கு முன் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தபோது சம்பளத்துக்காக எனக்கு ஒரு கணக்கு திறந்தார்கள். அதில்தான் ஆதார் கடைசியாக இணைந்திருந்தது, அதில்தான் 6,000 ரூபாய் இரண்டு மாதமாகக் கிடந்தது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் பணத்தை நிறுத்திவைக்கவில்லை. ஆனால் பதிவு செய்யும் அன்றே, உன் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால், அந்த அலைச்சல் நேர்ந்திருக்காது. ஆதார் இணையதளத்திலேயே எந்த வங்கியோடு இணைப்பு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள முடியும். கைபேசி எண் ஆதாரில் பதிவாகியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

கணக்கோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் பெயர். நம் பக்கத்தில் திருமணம் ஆனதும் தலைப்பெழுத்து மாறிவிடுகிறது. என் ஆதாரில் அப்பாவின் தலைப்பெழுத்து, குடும்ப அட்டையில் கணவரின் தலைப்பெழுத்து, கணக்குப் புத்தகத்தில் தலைப்பெழுத்துக்குப் பதில் கணவரின் முழுப்பெயர். மூன்றும் நான்தான் என்பது ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. கருவுறுவதற்கு முன்பே இவற்றைச் சீர்செய்து வைத்துக்கொள்வது நல்லது என்று புதிதாகத் திருமணமான பெண்களிடம் நான் இப்போது சொல்லி வருகிறேன். கேட்க அவர்களுக்கு வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஊட்டச்சத்துப் பெட்டகத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமே உண்டு. ஊட்டச்சத்து மாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய், குடற்புழு நீக்க மாத்திரை, பருத்தித் துண்டு ஆகியவை அதில் இருந்தன. நெய்யின் மணமும் பேரீச்சம்பழத்தின் தரமும் எங்கள் ஊர் மளிகைக் கடையில் அந்த விலைக்குக் கிடைக்காதவை. மாவைக் கஞ்சியாகக் காய்ச்சினால் மசக்கையில் உள்ளே இறங்குவது கடினம். நெய்யில் வறுத்து, வெல்லம் சேர்த்து உருண்டையாகப் பிடித்த பிறகுதான் என்னால் சாப்பிட முடிந்தது. டானிக்கைத் தேநீருடனோ காப்பியுடனோ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது, எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் போன்ற புளிப்போடு எடுத்தால் நன்றாகச் சேரும் என்று செவிலியர் சொன்னார். இதைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கலாம். காலைக் காப்பியோடு டானிக்கைக் குடித்துவிட்டு, இரத்தம் ஏறவே இல்லை என்று வருந்தும் பெண்கள் எங்கள் தெருவிலேயே இருவர். என் முதல் பெட்டகம் மூன்றாம் மாதத்துக்குப் பதில் ஐந்தாம் மாதத்தில்தான் கைக்கு வந்தது. இரண்டாவது சரியாக ஆறாம் மாதம் வந்தது. பெட்டகத்தை வீட்டின் பொதுச் சொத்தாகக் கருதி நெய்யை எல்லாருக்கும் பரிமாறிவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. எங்கள் வீட்டில் அத்தையே அதைத் தனியாக எடுத்து வைத்து, எனக்கு மட்டும் ஊற்றினார். அந்த நன்றியை நான் எழுதாமல் விட முடியாது.

பணத்தையும் பெட்டகத்தையும் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவற்றோடு சேர்ந்து வரும் பரிசோதனைகளைத்தான் நான் இந்தத் திட்டத்தின் பெரிய பயனாகக் கருதுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சோகைக்கான சோதனை, ரண ஜன்னி தடுப்பூசி எல்லாம் முறையாக நடந்தன. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கும் சர்க்கரைச் சோதனையும் நடந்தது. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்பு நாள். அன்று மருத்துவரைப் பார்க்க முடிகிறது. கூட்டம் அதிகம். காலை ஒன்பதுக்குப் போனால் திரும்ப மதியம் இரண்டாகிவிடும். உட்கார இடம் போதாமல் நிறைமாதப் பெண்கள் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. நாற்காலிகள் வாங்க ஒரு திட்டமும் தேவையில்லை. அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு தருகிறார்கள். பெயரை அங்கே தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது எனக்கு ஐந்தாம் மாதத்தில்தான் தெரிந்தது.

முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்தில் நான் அம்மா வீட்டுக்குப் போனபோது, ஒரு மாவட்டத்தில் பதிந்த பதிவு இன்னொரு மாவட்டத்தில் செல்லுமா என்ற கவலை எனக்கு மிகுதியாக இருந்தது. செல்லும். ஆர்.சி.எச். எண்ணும் தாய்சேய் நல அட்டையும் கையில் இருந்தால், எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் முந்தைய விவரங்களைப் பார்த்துத் தொடர்கிறார்கள். ஊரை மாற்றுவதற்கு முன் இரண்டு ஊர்ச் செவிலியர்களிடமும் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் சொல்லாமல் போனதால், பிரசவம் ஆன தகவல் பதிவேட்டில் ஏறுவதற்கே பல வாரங்கள் ஆயின. பிரசவம் அரசு மருத்துவமனையில் நடக்க வேண்டும் என்பது இந்தத் திட்டத்தின் நிபந்தனை. பிரசவத்துக்குப் பிந்தைய தவணைகளை நம்பிக் கணக்குப் போட்டுவிட்டு, வலி எடுத்ததும் பயத்தில் தனியார் மருத்துவமனைக்கு ஓடும் குடும்பங்கள், செலவும் செய்து உதவியும் இழக்கின்றன. எங்கே பெறுவது என்பதை எட்டாம் மாதத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்கு 2025 ஜனவரியில் அறுவைச் சிகிச்சை மூலம் பெண் குழந்தை பிறந்தது. ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற 2011ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவைச் சிகிச்சை, மருந்து, சோதனை, தேவைப்பட்டால் இரத்தம் என அனைத்தும் இலவசம். சுகப்பிரசவத்துக்கு மூன்று நாளும் அறுவைச் சிகிச்சைக்கு ஏழு நாளும் உணவும் உண்டு. வீட்டுக்குத் திரும்ப வண்டியும் உண்டு. மருத்துவருக்கோ மருந்துக்கோ நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. வலி எடுத்த இரவில் என் அம்மாவைப் பிரசவ அறையில் துணைக்கு இருக்க அனுமதித்ததை வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டேன். ஆனால் வார்டில், குழந்தையைக் கழுவிக் கொண்டுவந்து காட்டியதற்கு, தள்ளுவண்டியில் என்னை நகர்த்தியதற்கு, படுக்கை விரிப்பை மாற்றியதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் கை நீட்டினார்கள். அப்பா மொத்தம் 1,900 ரூபாய் கொடுத்திருக்கிறார். இலவசம் என்று அரசுத் திட்டமே சொல்லும் இடத்தில், தினக்கூலிக்குப் போகும் ஒரு தகப்பன் இதைத் தன் சட்டைப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தது எனக்கு இன்றும் வலிக்கிறது. புகார் சொல்ல 104 என்ற எண் உண்டு என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது பதினாறு பொருள்கள் அடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் கொடுத்தார்கள். குழந்தைக்கான கொசுவலையும் துண்டும் மிகவும் பயன்பட்டன. தாய்க்கென்று சௌபாக்கிய சுண்டி லேகியமும் அதில் இருந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கும், ஜனனி சுரக்ஷா யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் கிராமப்புறத்தில் 700 ரூபாயும் நகர்ப்புறத்தில் 600 ரூபாயும் உண்டு. கேட்டுப் பெற வேண்டும்.

பிரசவத்துக்குப் பிந்தைய தவணைகள் தடுப்பூசியோடு பிணைக்கப்பட்டவை. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசியின் மூன்றாம் தவணை குழந்தைக்கு 14 வாரத்தில் போடப்படுகிறது. அதனால்தான் நான்காம் மாதம் 6,000. தட்டம்மை ரூபெல்லா ஊசி ஒன்பது மாதம் நிறைந்ததும் போடப்படுகிறது; அதனால்தான் ஒன்பதாம் மாதம் 2,000. இந்த ஒழுங்கு புரிந்துவிட்டால், பணம் ஏன் வரவில்லை என்று அலைய வேண்டியிருக்காது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஊசியைத் தள்ளிப்போட்டால் பணமும் அதே அளவு தள்ளிப்போகிறது. என் கணக்கைச் சரிசெய்த பிறகு, இந்த இரண்டு தவணைகளும் ஊசி போட்ட இரண்டு மாதத்துக்குள் வந்து சேர்ந்தன.

நான் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். எனக்கு விடுப்புத் தர முதலாளி இல்லை. வேலைக்குப் போகும் பெண்கள் இன்னொரு கதவையும் தட்ட வேண்டும். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்புப் பெறும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் செய்யப்படுபவர்களுக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகமே தருகிறது. என் தோழி ஒருத்தி ஆயத்த ஆடை நிறுவனத்தில் வேலை பார்த்தாள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று மாதாமாதம் பிடித்தது எதற்கு என்று தெரியாமலே ஏழாம் மாதத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

இந்தத் திட்டத்தில் எனக்கு உடன்பாடு இல்லாத ஒன்று வயது வரம்பு. தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே உதவி. சிறுவயதுத் திருமணத்தைத் தடுக்கும் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சட்டப்படி 18இல் திருமணம் செய்துகொண்டு அந்த ஆண்டே கருவுறும் பெண் எந்தத் தவறும் செய்யவில்லை. இரத்தச் சோகையால் மிகவும் அவதிப்படுபவளும் பெரும்பாலும் அவள்தான். அவளுக்குப் பணம் இல்லையென்றாலும் பெட்டகத்தையாவது கொடுக்கலாம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழும் பெண்களுக்கும் வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களுக்கும் திட்டத்தில் இடம் கொடுத்திருக்கும் அரசு, இதையும் எண்ணிப்பார்க்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

முதல் 6,000 ரூபாயில் பாதியை ஸ்கேனுக்கும் பயணத்துக்கும் செலவழித்தேன். இரண்டாவது 6,000 ரூபாயில் அடகில் இருந்த தையல் இயந்திரத்தை மீட்டேன். கடைசி 2,000 ரூபாய் மகளின் பெயரில் அஞ்சலகத்தில் கிடக்கிறது. என் ஓரகத்திக்கு இப்போது ஒன்பதாவது வாரம். சென்ற செவ்வாய்க்கிழமை அவளை நானே துணை சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். எண் கிடைத்ததும், எந்த மாதம் எது வரும், எந்தக் கணக்குக்கு வரும் என்று அவளுடைய அட்டையின் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்த செவிலியர் தம் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, அடுத்து வருபவர்களுக்கும் இதைக் காட்டுகிறேன் என்றார்.